றீற்றாவின் ஐந்தரை மணி

திருகோணமலையில் உட்துறைமுக வீதியிலிருந்து பிரியும் ஒரு ஒழுங்கையில், நீலப் படலை போட்ட நாலாவது வீடு றீற்றாவுடையது. வயது ஐம்பத்தைந்து. தபாற்கந்தோரில் முத்திரை விற்கும் கவுண்டரில் இருக்கிறாள். பதிவுத் தபால் போட வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவளுடைய பெயர் தெரியாது. 'வெண்டிக்காய் மிஸ்' என்றால் தெரியும். வீட்டுத் தோட்டத்தில் மிஞ்சியதை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கவுண்டருக்குக் கீழே வைத்திருப்பாள். பென்சன் எடுக்க வரும் கிழவர்களுக்கு அதில் நாலு, இதில் ஐந்து என்று கடதாசியில் சுற்றிக் கொடுப்பாள்.

அந்தத் தோட்டத்தை அவள் இருபத்தொன்பது வருடமாகக் கட்டி எழுப்பியிருந்தாள். வீட்டுக்குக் குடிவந்தபோது வளவு முழுவதும் சிப்பியும் மணலும்தான். உப்புக்காற்றில் முருங்கை கூட முகத்தைச் சுளித்தபடிதான் நின்றது. சாம்பல், சருகு, மீன் கழுவிய தண்ணீர், ஆண்டாங்குளத்திலிருந்து ஓட்டோவில் வந்த மாட்டெரு என்று வருடாவருடம் போட்டுப் போட்டு, இப்போது கையை விட்டால் மணிக்கட்டு வரைக்கும் கறுப்பு மண். அதில் அவளுக்கு இருந்த பெருமையை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

புரட்டாதி முடியும்வரை அந்த ஊரில் தோட்டம் செய்வது வீண் வேலை. கச்சான் காற்று நிலத்தைப் பொரித்துவிடும். கிணற்றில் வாளி அடிமண்ணில் இடிக்கும். ஆனால் காற்றுத் திசை மாறப்போகும் அந்தச் சில நாட்கள் வரும்போது றீற்றாவின் உள்ளங்கைகள் பரபரக்கத் தொடங்கிவிடும். சாம்பல் கலந்து போத்தல்களில் வைத்த விதைகளை எடுத்துக் கடதாசியில் கொட்டுவாள். பயத்தை, வெண்டி, புடோல், பசளி, கொச்சிக்காய். தயிர் வாங்கிய மண்சட்டிகளின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு அதில் நாற்றுப் போடுவாள். ஐப்பசி மழை விழுந்ததும் நிலத்தில் நட அவை தயாராக நிற்கும்.

இவ்வளவும் நடப்பது காலை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில். அந்த ஒரு மணித்தியாலம் அவளுக்கு மட்டுமானது. இருள் கலையும்போது ஒரு கோப்பை தேத்தண்ணியோடு பின்கதவைத் திறப்பாள். செண்பகப் பறவை எங்கோ உறுமும். துறைமுகத் தண்ணீரின் மேல் வெளிச்சம் பரவுவது மதிலுக்கு மேலால் ஒரு முழம் அகலத்துக்குத் தெரியும். நேற்று இல்லாத முளை இன்று தலையில் விதையின் தோலைச் சுமந்துகொண்டு நிற்கும். அவள் குந்தியிருந்து பார்ப்பாள். ஒன்றும் செய்யாமல் பத்து நிமிடம் பார்ப்பதும் உண்டு. பேச ஆளில்லை, கேட்க ஆளில்லை. மகள் சுதர்ஷிகா சின்னவளாக இருந்த காலத்திலும், அவள் எழும்புவதற்கு முன்னான அந்த நேரத்தை றீற்றா யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. இப்போது மகள் மட்டக்களப்பில் குடும்பமாக இருக்கிறாள்.

கணவர் அஞ்சலோ துறைமுகத்தில் இழுவைப் படகொன்றின் இயந்திர அறையில் வேலை செய்தவர். பெரிய கப்பல்கள் உள்ளே வரும்போது கயிறு கட்டி இழுத்தும் முட்டித் தள்ளியும் அவற்றைக் கரை சேர்க்கிற சின்னப் படகு அது. இரண்டு நாள் படகில், ஒரு நாள் வீட்டில் என்று முப்பத்தாறு வருடம். வீட்டில் நிற்கிற நாளும் தூக்கம்தான். கோயில் திருவிழாவுக்கு இல்லை, மகளின் முதல் நற்கருணை நாளுக்கு இல்லை என்று றீற்றா அந்த நாட்களில் எவ்வளவோ குறைப்பட்டிருக்கிறாள். போன வருடம் புரட்டாதியில் அவருக்கு அறுபது முடிந்தது. கூட வேலை செய்தவர்கள் மாலை போட்டு, ஒரு சுவர் மணிக்கூடும் கொடுத்து அனுப்பினார்கள்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு றீற்றா பின்கதவைத் திறந்தாள். அஞ்சலோ ஏற்கெனவே தோட்டத்தில் நின்றார், கையில் அளவு நாடாவோடு.

"றீற்றா! இந்த வளவு எத்தினை அடியெண்டு உமக்குத் தெரியுமோ?" என்று கத்தினார். இயந்திரச் சத்தத்தில் இடது காது பாதி போய்விட்டதால் அவருக்கு எப்போதும் கத்தித்தான் கதைக்க வரும். பக்கத்து வீட்டுச் சேவல் பயந்து கூவியது.

"தெரியாது."

"நாற்பத்தாறுக்கு முப்பத்தொண்டு. இத்தினை வருசமா அளக்காமலோ நட்டனீர்?"

அந்தக் கிழமை முழுவதும் இப்படித்தான் போனது. தென்னைக்கும் முருங்கைக்கும் வெள்ளைப் பெயின்ரால் இலக்கம் போட்டார். தென்னை ஒன்று, தென்னை இரண்டு, முருங்கை மூன்று. இந்தச் செடிக்கு எத்தனை லீற்றர் தண்ணீர், அந்தக் கொடி ஒரு நாளைக்கு எத்தனை அங்குலம் ஏறும் என்று கேட்டார். அவள் தேத்தண்ணியைக் குடித்து முடிப்பதற்குள் பதினைந்து கேள்வி. பதில் சொல்லாமல் இருக்கவும் மனம் வரவில்லை. மனிதர் ஆசையாகத்தான் கேட்கிறார். முப்பத்தாறு வருடம் வெளிச்சமில்லாத அறையில் எண்ணெயும் சூடுமாகக் கிடந்தவர் இப்போது ஒரு பசளி இலையைத் தடவிப் பார்த்து, "இஞ்ச பாருமப்பா, என்ன மெதுமை!" என்கிறார். அவரை எப்படிப் போகச் சொல்வது?

றீற்றா ஐந்து மணிக்கு எழும்பிப் பார்த்தாள். அவர் ஐந்தே காலுக்கு வந்துவிட்டார். நாலேமுக்காலுக்கு எழும்பினாள். அன்றைக்கு அவர் அவளுக்கு முன்னமே எழும்பித் தேத்தண்ணியும் ஊற்றி வைத்திருந்தார். "உமக்குக் கஷ்டம் குடுக்கக் கூடாதெண்டு நானே போட்டனான்" என்றார். அவள் அதை வாங்கிக் குடித்தாள். நல்ல தேத்தண்ணிதான். ஆனாலும் குடித்த கோப்பையோடு தோட்டத்துக்குப் போகாமல் குசினிக்குத் திரும்பினாள். அவர் இல்லையே என்று முறைப்பட்ட வாயால் இப்போது ஒரு மணித்தியாலம் அவர் இல்லாமல் இருக்கவேண்டும் என்று கேட்டால் அது என்ன நியாயம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அவள் வேலை முடிந்து வந்தபோது அஞ்சலோ படலையடியில் காத்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"கண்ணை மூடிக்கொண்டு வாரும்."

"என்னப்பா விளையாட்டு?"

"வாருமெண்டுறன்."

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கிழக்கு மதிலடியில் நிறுத்தினார். அவள் கண்ணைத் திறந்தாள். மதிலோரம் பன்னிரண்டு அடி நீளத்துக்கு மண், படகின் மேல்தட்டு மாதிரித் துப்பரவாக இருந்தது. ஒரு புல் இல்லை.

"முழுக்கப் பார்த்தீனியம்! பரவினா ஊரையே அழிச்சுப் போடுமாம், கண்ட இடத்தில வேரோட பிடுங்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருக்கு. ஒண்டு விடாமப் பிடுங்கிப் போட்டன்."

அது பார்த்தீனியம் இல்லை. செவ்வந்தி. இரண்டுக்கும் இலை சீவிச் சீவி வெட்டினதுபோல் ஒரே சாயலில் இருக்கும், பழக்கமில்லாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. போன வருடப் பூக்களை உலர்த்தி, ஆவணிக் கடைசியில் விதைத்து, கிணற்றில் தண்ணீர் குறைந்த நாட்களில் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி ஒரு சாண் உயரத்துக்கு அவள் கொண்டுவந்திருந்தாள். நவம்பர் இரண்டாம் திகதி, மரித்தோர் திருநாளுக்கு, சேமக்காலையில் அக்கா அஞ்சலினாவின் கல்லறையில் வைப்பதற்கு. அக்கா இருபத்தாறு வயதில் செங்கமாரி வந்து செத்துப்போனாள். கடையில் வாங்குகிற பூ மலைநாட்டிலிருந்து பஸ்ஸில் வந்து சேரும்போதே வாடிவிடும். அதனால்தான் றீற்றா ஒவ்வொரு வருடமும் தானே வளர்ப்பாள்.

"நல்ல துப்பரவு" என்று சொல்லிவிட்டு அவள் குசினிக்குள் போனாள். அரிசியை அளந்து போட்டாள். கழுவிய தண்ணீரைச் செவ்வந்திக்கென்று வழக்கம்போல் ஒரு சட்டியில் பிடித்துவிட்டு, பிறகு அதை வெளியே ஊற்றினாள்.

மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு ஸுல்பிகா உடுப்புக் காயப்போட வந்தாள். கிண்ணியாவிலிருந்து கலியாணம் முடித்து வந்தவள். இரண்டு வீட்டுக்கும் இடையில் விதையும் கறியும் போய்வராத கிழமை இல்லை. அவளுடைய குரல் குசினி வரைக்கும் கேட்டது.

"அண்ணன், இதில நிண்ட செவ்வந்தியெல்லாம் எங்க?"

"எந்தச் செவ்வந்தி?"

"என்ன அண்ணன் கேக்குறீங்க? றீற்றாக்கா அவட அக்காட கபுறுக்கு வைக்கிறதுக்கு வளத்தது. எனக்கும் பத்துக் கண்டு தாறெண்டு சொன்னவ."

பிறகு அவர் ஓடுகிற காலடிச் சத்தம் கேட்டது. றீற்றா சன்னலால் எட்டிப் பார்த்தாள். அஞ்சலோ வளவின் மூலையிலிருந்த குப்பைக் கிடங்குக்குள் இறங்கி முழங்காலில் நின்றார். பிடுங்கிக் கொட்டிய செடிகளை ஒவ்வொன்றாக எடுத்து மூக்கருகே பிடித்து மணந்து பார்த்தார். சிலதை அப்பால் எறிந்தார், சிலதைச் சாரத்து மடிக்குள் வைத்தார். செவ்வந்தி இலைக்கு ஒரு காரமான வாசம் உண்டு. இலையில் தெரியாததை அவர் மூக்கால் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு வெறுமையாய்க் கிடந்த அவளுடைய தயிர்ச்சட்டிகளை எடுத்து, மண் நிரப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு கன்றை வைத்துத் தண்ணீர் தெளித்தார். சாக்கொன்றை நனைத்து மேலே நிழலாகக் கட்டினார். குனிந்த முதுகை நிமிர்த்த முடியாமல் 'தென்னை இரண்டு' என்று தானே இலக்கம் போட்ட மரத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

குசினி வாசலில் வந்து நின்றபோது முழங்கை வரை சேறு.

"முப்பத்தெட்டுக் கண்டு வேரோட கிடந்தது. தப்புமோ தெரியாது." வழக்கமில்லாத மெல்லிய குரலில் சொன்னார். "ஏன் றீற்றா என்னைப் பேசேல்ல? நாலு பேச்சு பேசியிருந்தா எனக்கு மனம் ஆறியிருக்கும்."

"பூவுக்காக இல்லையப்பா."

"பிறகு?"

அவள் அடுப்பைக் குறைத்தாள். இனிமேலும் விழுங்க ஏலாது என்று தோன்றியது.

"காலமை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில நான் தனிய இருக்கிறனான். இருபத்தொன்பது வருசமா. அந்த ஒரு மணித்தியாலத்தில நான் ஒருத்தருக்கும் பெண்சாதியில்ல, தாயில்ல, தபாற்கந்தோர் மிஸ்சும் இல்ல. அதாலதான் மிச்ச நாளெல்லாம் எனக்குச் சுமக்க ஏலுமாயிருந்தது. இப்ப நீங்கள் வாறியள். கதைக்கிறியள். உங்களில பிழையில்ல. ஆனா எனக்கு அந்த நேரம் வேணும்."

சொல்லி முடித்ததும் அவளுக்குப் பயம் பிடித்தது. முப்பத்தொரு வருடக் கலியாண வாழ்க்கையில், நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. அஞ்சலோ வாசல் நிலையில் சாய்ந்து நின்று யோசித்தார். நல்ல காதைத் திருப்பிப் பிடித்துக் கேட்டிருந்தார், ஒரு சொல்லும் தவறவில்லை.

"அதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றார் கடைசியில். "படகில நாங்கள் வாட்ச் பிரிச்சுத்தான் வேலை செய்யிறது. அவனவனுக்கு அவனவன்ர நேரம். என்ர வாட்சில மற்றவன் கீழ இறங்க மாட்டான். கேக்காம வந்து ஒரு வால்வில கை வைச்சானெண்டால் எங்களுக்குள்ள அது பெரிய சண்டை." கொஞ்சம் நிறுத்தி, தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார். "நான் உம்மட வாட்சில இறங்கியிட்டன் என்ன?"

"ஓம்."

"சரி. ஐந்தரை தொடக்கம் ஆறரை மட்டும் உம்மட வாட்ச். நான் படலைக்கு வெளியில. நீர் வேலைக்குப் போன பிறகு என்ர வாட்ச். ஆனா ஒண்டு, ஆறரைக்குக் கைமாத்தேக்க நிலவரம் சொல்லவேணும். அதுதான் முறை."

றீற்றாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த சிரிப்பில் கண்ணும் கொஞ்சம் கலங்கியது. "கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, சோறு குழையப்போகுது" என்றாள்.

மறுநாள் ஐந்தே காலுக்கு அஞ்சலோ மீன் வாங்கும் பையை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடக்கப் போய்விட்டார். ஐந்தரைக்கு றீற்றா பின்கதவைத் திறந்தாள். தோட்டத்தில் யாரும் இல்லை. படியில் உட்கார்ந்து தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை ஆறுதலாகக் குடித்தாள். உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், அவர் பக்கத்தில் இல்லையே என்ற எண்ணம் அவளுக்கு ஒரு கணம்கூட வரவில்லை. புடோல் விதைகளில் மூன்று முளைத்திருந்தன. வாடிக் கிடந்த செவ்வந்திக் கன்றுகளைச் சாக்கை விலக்கிப் பார்த்தாள். தலை நிமிரவில்லை, ஆனால் தண்டில் இன்னும் உயிர் இருந்தது.

சரியாக ஆறரைக்குப் படலை கிரீச்சிட்டது. அஞ்சலோ அரைக் கிலோ சூடை மீனோடு வந்து நின்றார்.

"என்ன நிலவரம்?"

"புடோல் மூண்டு முளைச்சிருக்கு. கொச்சிக்காய்க்கு எறும்பு, சாம்பல் தூவவேணும். செவ்வந்தி இன்னும் சொல்லேலாது."

"சரி, நான் பாக்கிறன்" என்று மீன் பையை அவளிடம் கொடுத்தார்.

ஐப்பசி இரண்டாம் கிழமையில் மழை வந்தது. பின்னேரம் நாலு மணிக்குத் துறைமுகத்துக்கு அப்பால் மலைகளின் மேல் வானம் கறுத்தது. கந்தோர் சன்னலால் மண்வாசம் வந்தபோது றீற்றா ஒரு பதிவுத் தபாலுக்குத் தவறான முத்திரையை ஒட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்தபோது கிணற்றடியில் தவளைகள் கத்தத் தொடங்கியிருந்தன. அஞ்சலோ நனைந்த சட்டையோடு விறாந்தையில் உட்கார்ந்து, சாக்கை எடுத்துவிட்டு எல்லாச் சட்டியையும் மழையில் வைத்ததாக நிலவரம் சொன்னார். அது அவருடைய வாட்ச் நேரம்.

அதற்குப் பிந்திய நாட்கள்தான் வருடத்திலேயே றீற்றாவுக்குப் பிடித்த நாட்கள். நாற்றுகளை நிலத்துக்கு மாற்றுகிற நாட்கள். காலை ஈர மண்ணில் விரலால் குழி போட்டு, கன்றை வைத்து, சுற்றி அமத்தும்போது விரல் நுனியில் ஒரு குளிர் ஏறும். ஒரு வரிசை பசளி, ஒரு வரிசை கத்தரி. பந்தல் போடுவது, கிணற்றடிச் சேற்றுக்குக் கல் பதிப்பது, எரு இறக்குவது எல்லாம் அஞ்சலோவுடைய வேலை. அவருடைய பந்தலைப் பார்த்த ஸுல்பிகா, "அண்ணன், இதில கப்பலையும் கட்டலாம் போல கிடக்கே!" என்றாள். படகில் போடும் முடிச்சுகளால் கட்டியிருந்தார். அவற்றை அவிழ்க்க வேறு யாராலும் ஏலாது.

முப்பத்தெட்டுக் கன்றில் பதினான்கு தப்பின. ஸுல்பிகாவுக்குச் சொன்ன பத்தை அந்த வருடம் கொடுக்க முடியவில்லை. "அடுத்த முறை பாப்பம் றீற்றாக்கா, முதல்ல அவட கடமையைச் செய்ங்க" என்று அவள் சொல்லிவிட்டாள். நவம்பர் இரண்டாம் திகதி காலை எண்ணிப் பார்த்தால் விரிந்த பூ ஒன்பது. வேறு வருடங்களில் ஒரு கூடை நிறைய இருக்கும். றீற்றா ஒன்பதையும் வெட்டி ஈரத்துணியில் சுற்றினாள். படலையடியில் அஞ்சலோ வெளிக்கிட்டு நின்றார். கையில் ஒரு சின்னப் பெயின்ர் பேணியும் மெல்லிய தூரிகையும்.

"நானும் வரலாமோ?"

இத்தனை வருடத்தில் அந்த நாளில் அவர் கரையில் நின்றபோதும் தூங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "வாங்கோவன்" என்றாள்.

சேமக்காலை முழுவதும் சனம். மெழுகுதிரி வாசம். சுவாமியார் கல்லறைகளை ஆசீர்வதித்துக்கொண்டு வந்தார். அக்காவின் கல்லில் எழுத்துகள் பல வருட மழையில் அழிந்து, தடவித்தான் வாசிக்கலாம் என்ற நிலையில் இருந்தன. அஞ்சலோ கல்லைக் கழுவித் துடைத்துவிட்டு முழங்காலில் இருந்து எழுதத் தொடங்கினார். கறுப்புப் பெயின்ரில் 'அ' எழுதி முடிக்க அவ்வளவு நேரம் எடுத்தது. கை நடுங்கவில்லை, ஒரு சொட்டும் வெளியே விழவில்லை. மூச்சைப் பிடித்து ஒரு வளைவு, மூச்சை விட்டுவிட்டு அடுத்த வளைவு.

றீற்றா பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் வேலை செய்வதை இவ்வளவு கிட்ட நின்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்தது எல்லாம் களைத்த மனிதர்தான். இந்தக் கை முப்பத்தாறு வருடமாக இப்படித்தான் வேலை செய்திருக்கும், அந்த இருட்டு அறைக்குள். 'அஞ்சலினா' என்ற பெயர் வெயிலில் பளபளத்தது. அவர் எழும்பி, "எழுத்துச் சரியோ?" என்று கேட்டார்.

"சரியாயிருக்கு. வடிவாயிருக்கு."

அவள் ஒன்பது பூவையும் கல்லின் மேல் வைத்தாள். கூடை நிறைய இல்லாததைப் பற்றி அவளுக்குக் கவலை வரவில்லை. பக்கத்துக் கல்லறைக்கு வந்த ஒரு மனுஷி தன்னுடைய தாயின் கல்லிலும் பெயர் எழுதித் தர ஏலுமோ என்று அஞ்சலோவைக் கேட்டாள். பத்தரை மணிக்குள் அவர் நாலு கல்லறையில் எழுதி முடித்திருந்தார்.

நவம்பர் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. பயத்தை பந்தல் ஏறி முதல் பிஞ்சுகள் தொங்கின. ஒருநாள் காலை மழை கொஞ்சம் விட்டிருந்தது. றீற்றா கதவைத் திறந்தபோது பந்தலடியில் ஒரு பெண்மான் நின்றது, பக்கத்தில் குட்டி. கோட்டைப் பக்கத்து மான்கள் ஊருக்குள் திரிவது புதினமில்லை, பஸ் நிலையத்தில்கூட நிற்கும். ஆனால் இந்த வளவுக்குள் வந்தது இதுதான் முதல். படலைக் கொழுக்கி கழன்றிருக்கவேண்டும். மான் பயத்தங்கொடியின் நுனிகளை ஒவ்வொன்றாகக் கிள்ளித் தின்றது. குட்டி தாயைப் பார்த்து ஒரு பசளி இலையைக் கடித்துப் பார்த்துத் துப்பியது.

கலைக்கத்தான் வேண்டும். அவள் கையில் கோப்பையோடு அசையாமல் நின்றாள். மானின் முதுகில் மழைத்துளிகள் முத்து முத்தாக நின்றன. தின்று முடித்து, குட்டியை முன்னால் விட்டு, அது ஆறுதலாக வெளியே போனது.

ஆறரைக்கு அஞ்சலோ வந்தார். "என்ன நிலவரம்?"

"மான் வந்தது. குட்டியும்."

"ஐயோ! கலைச்சனீரோ?"

"இல்லை."

"எவ்வளவு திண்டுது?"

"பயத்தையில பாதி."

அவர் பந்தலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, அது அவளுடைய வாட்சில் நடந்த விஷயம் என்பது நினைவுக்கு வந்ததுபோல் நிறுத்திக்கொண்டார்.

"குட்டி எவ்வளவு பெரிசு?" என்று கேட்டார்.

"நாளைக்கும் அது வந்தா நீங்களும் நிண்டு பாக்கலாம். சத்தம் போடாம நிப்பியளெண்டால்."

"நான் சத்தம் போடமாட்டன்" என்று ஒழுங்கை முழுவதும் கேட்கக் கத்தினார் அஞ்சலோ. பிறகு, விடியத் திறந்து வைக்கலாம் என்று சொல்லிக்கொண்டு, படலையின் கொழுக்கியைத் திருத்தக் குறடு எடுக்கப் போனார். றீற்றா மிச்சமிருந்த பயத்தங்காய்களில் பத்தைப் பறித்துக் கந்தோர்ப் பைக்குள் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.